உடைமை முடிவும் திரைப்பொருள் நீக்கமும்

கணினித் திரையிலே தோன்றும் சாளரம், பொத்தான், பட்டியல் முதலியன நம் கண்ணுக்கு வெறும் படங்களே. செய்நிரலுக்கோ அவை நினைவகத்தில் இடங்கொண்ட பொருள்களாம். பயன் முடிந்த பொருள் நீக்கப்படாதொழியின் இடம் வீணே அடைபடும். முந்தி நீக்கப்படின், இல்லாத பொருளை நாடிச் செய்நிரல் நிலைகுலையும். ஆதலின், நீக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினா எழுகின்றது. அப்பொறுப்பையே உடைமை என்பர்.

இவ்வினாவுக்கு 1960 ஆம் ஆண்டிலேயே இரு விடைகள் கிடைத்தன. சென்றடையும் வழியற்றுப்போன பொருள்களைத் தானே கண்டு மீட்கும் முறையை லிஸ்ப் மொழிக்கு ஜோன் மக்கார்த்தி வகுத்தார். ஒரு பொருளுக்குரிய சுட்டுகளை எண்ணி, எண்ணிக்கை பூச்சியமானதும் நீக்கும் முறையை ஜோர்ஜ் கொலின்ஸ் எடுத்துரைத்தார். எனினும், திரைப்பொருள்களுக்கு இவை மட்டும் போதா. சாளரம் பொத்தானையும் பொத்தான் சாளரத்தையும் சுட்டி நிற்பின், எண்ணிக்கை ஒருபோதும் பூச்சியமாகாது. மேலும், திரைப்பொருளின் ஒரு கூறு பணிசெயல் முறைமையின் வசத்திலுள்ளது. விண்டோஸ் முறைமையில் ஒரு செய்நிரல் கொள்ளத்தக்க வரைபொருள்களின் இயல்பான எல்லை 10,000 ஆகும். அவ்வெல்லை எட்டப்படின், நினைவகம் எஞ்சியிருப்பினும் சாளரங்கள் செவ்வனே வரையப்படமாட்டா.

1995 இல் நோர்வேயிலிருந்து வெளிவந்த கியூற் என்னும் சி பிளஸ் பிளஸ் மென்பொருட் சட்டகம், இதற்குப் பெற்றோர் பிள்ளை முறையைக் கையாள்கின்றது. சாளரம் பெற்றோர், அதனுள் அமைந்த பொத்தான் பிள்ளை. பெற்றோர் நீங்கும்போது பிள்ளைகளையும் நீக்கிவிடும். பிள்ளை முந்தி நீங்கின், பெற்றோரின் பட்டியலிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ளும். ஆகவே ஒரு பொருள் இருமுறை நீக்கப்படுவதில்லை. ஆனால், இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. தன்னை அழுத்தியதால் எழுந்த பணி முடியுமுன் பொத்தான் அழிக்கப்படலாகாது. நிற்கும் கிளையைத் தானே வெட்டியதாகும். அதனாலேயே, நடைபெறும் நிகழ்வு முடிந்தபின் நீக்குமாறு பணிக்கும் ஏற்பாடும் அச்சட்டகத்தில் உள்ளது.

மாணவர் எழுதும் சிறு செய்நிரல் விரைவில் முடிந்துவிடும். முடிந்ததும் பணிசெயல் முறைமை அனைத்தையும் மீட்டுக்கொள்ளும். ஆதலாற் குற்றம் வெளிப்படுவதில்லை. மருத்துவமனையில் நோயாளியின் நாடியை இரவும் பகலும் காட்டிநிற்கும் திரைக்கோ அத்தகைய முடிவு வாய்ப்பதில்லை. சாளரமொன்று திறக்கப்படுந்தோறும் சிறிது இடம் மீளாதுபோயின், அச்சிறுமையே திரண்டு ஒருநாள் திரையை முடக்கிவிடும். எனவே, ஒரு பொருளை ஆக்கும் வரியை எழுதும்போதே அதனை நீக்குவது யார், எப்போது என்பதையும் துணிந்துகொள்ளல் செய்நிரலாளர் கடனாகும்.