எண்ணுக்குள் இலக்கங்கள் இல்லை

4729 என்ற எண்ணில் எத்தனை இலக்கங்கள் என்று கேட்டால் நான்கு என்று உடனே சொல்லிவிடுவோம். கணினிக்கு இது கணக்குப் போட்டால்தான் தெரியும். அதன் நினைவகத்தில் இருப்பது 1001001111001 என்ற இருமத் தொடர். அதில் நான்கும் இல்லை, ஏழும் இல்லை. இதே எண்ணைப் பழைய தமிழ் முறையில் ௪௲௭௱௨௰௯ என்று ஏழு குறிகளால் எழுதினார்கள். அளவு ஒன்றுதான். இலக்கங்கள் அதை எழுதும் முறையில் பிறப்பவை. ஆகவே நிரலில் எண்ணை இலக்கங்களாகப் 'பிரிப்பது' என்பது உள்ளே கிடப்பதை வெளியே எடுப்பதல்ல, புதிதாகக் கணக்கிட்டு உண்டாக்குவது. அதற்கான கருவி பத்தால் வகுத்தல். 4729-ஐ வகுத்தால் மீதி 9, ஈவு 472; அந்த ஈவை வகுத்தால் மீதி 2, ஈவு 47; பிறகு 7, கடைசியில் 4. ஈவு பூஜ்ஜியமானதும் வேலை முடிந்தது. இலக்கங்கள் தலைகீழாக வருவதற்கும் காரணம் உண்டு: எண் எவ்வளவு நீளம் என்று தெரியாமலே ஒன்றாம் இடத்து இலக்கத்தைக் கண்டுவிடலாம், முதல் இலக்கத்தை அப்படிக் காண முடியாது.

எண்ணைச் சரமாக மாற்றி எழுத்தெழுத்தாக எடுத்தால் ஒரே வரியில் முடிகிறதே, வகுத்தல் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, அன்றாட வேலைக்கு அந்த வழி போதும். ஆனால் சரமாக்கும் செயற்கூறு உள்ளே செய்வதும் அடிப்படையில் வகுத்தலைத்தான். எண் மிகப் பெரிதானால் அந்த உழைப்பு வெளிப்பட்டுவிடும்: நீளம் இரட்டித்தால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். இதைப் பயன்படுத்திச் சேவையகங்களை முடக்கலாம் என்பதால், 2022-இல் வந்த பைத்தான் 3.11, 4300 இலக்கங்களைத் தாண்டிய எண்ணைச் சரமாக்க மறுக்கிறது; நாமாக வரம்பை மாற்றினால்தான் வழிவிடும். வகுத்தலை அறிந்தவருக்கே எதிர்ம எண்ணில் உள்ள கண்ணியும் புரியும். -4729-ஐப் பத்தால் வகுத்தால் ஜாவா தரும் மீதி -9. பைத்தானோ ஈவைக் கீழ்நோக்கி -473 ஆக்கி, மீதியாக 1 தருகிறது. ஈவு பூஜ்ஜியமாகும் வரை ஓடு என்று பைத்தானில் எழுதினால் ஈவு -1-லேயே நின்று, சுழற்சி முடியவே முடியாது. குறியை முதலில் நீக்கிவிடுவதே பாதுகாப்பு. பூஜ்ஜியத்தையும் தனியாகக் கவனிக்க வேண்டும். இல்லாவிட்டால் சுழற்சி ஒருமுறைகூட ஓடாமல் விடை வெறுமையாகிவிடும்.

தொலைபேசி எண்ணும் வங்கி அட்டை எண்ணும் வேறு வகை. அவற்றை யாரும் கூட்டிப் பெருக்குவதில்லை. முன்னால் நிற்கும் பூஜ்ஜியத்துக்கும் அங்கே பொருள் உண்டு, எண்ணாகச் சேமித்தால் அது தொலைந்துபோகும். அட்டை எண்ணைச் சரிபார்க்க ஐபிஎம் பொறியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் வகுத்த முறை, வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டிக்கிறது. அங்கே இலக்கங்களே மூலத் தரவு, ஆகவே தொடக்கம் முதலே அவற்றைச் சரமாக வைத்திருப்பதுதான் சரி.