காரின் பெல்ட்டைக் கழற்றலாமா?

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் வழியில் சோழவரம் உள்ளது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கு உண்டு. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் அமையும் வரை, பல ஆண்டுகள் அந்த ஓடுதளத்தில்தான் பந்தயங்களை நடத்தியது.

சாதாரணக் காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்வோர் முதலில் எடையைக் குறைப்பர். பின் இருக்கை, தரை விரிப்பு, கதவின் உள்தகடு எல்லாம் போகும். அடுத்து எஞ்சினின் முன்புறம் கை நீளும். அங்கே பெல்ட் ஒன்று தண்ணீர் பம்பு, ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரசர் போன்றவற்றைச் சுழற்றிக்கொண்டிருக்கும். பந்தயக் காரில் இவற்றுள் சிலவற்றை நீக்குவது உண்டு. நம் வீட்டுக் காரிலும் நீக்கினால் என்ன? இக்கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

எடையால் எவ்வளவு லாபம்?

ஓட்டுநரோடு சேர்த்து 800 கிலோ எடையுள்ள ஒரு காரில் 8 கிலோவைக் குறைப்பதாகக் கொள்வோம். நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, அதே விசைக்கு முடுக்கம் நூற்றுக்கு ஒரு பங்கு கூடும். 60 கி.மீ. வேகத்தை எட்ட 12 வினாடி எடுத்த கார் இனி ஏறக்குறைய 11.9 வினாடியில் எட்டும். பந்தயத்தில் இதற்கு மதிப்புண்டு. சாலையில் இது கண்ணுக்கே தெரியாது. 40 லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 30 கிலோ. தொட்டியைப் பாதி மட்டும் நிரப்பினாலே 15 கிலோ குறைந்துவிடுகிறதே!

திறனால் எவ்வளவு லாபம்?

உண்மையான லாபம் எடையில் இல்லை, திறனில் இருக்கிறது. ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டில் 50 ஆம்பியர் தரும்போது 700 வாட் கிடைக்கிறது. அதன் இழப்புகளையும் சேர்த்தால் எஞ்சினிடமிருந்து ஏறத்தாழ 1,200 வாட் பெறுகிறது. அதாவது ஒன்றரைக் குதிரைத் திறனுக்கும் மேல். பழைய கார்களில் விசிறியும் பெல்ட்டால்தான் சுழன்றது. விசிறி விழுங்கும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வது. வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்காகும். வேகமாக ஓடும் காருக்கோ எதிர்க்காற்றே போதும். ஆகவே பந்தயக்காரர்கள் விசிறியை நீக்கியதில் நியாயம் உண்டு.

எதை நீக்கக் கூடாது?

தண்ணீர் பம்பின் கதை வேறு. பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குளிர்நீர் சுமந்து செல்ல வேண்டும். எஞ்சின் 30 கிலோவாட் திறன் தரும்போது, ஏறத்தாழ அதே அளவு வெப்பம் நீருக்கும் போகிறது. நீரின் வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் உயராதிருக்க, வினாடிக்கு முக்கால் லிட்டர் நீர் ஓட வேண்டும். ஃபோர்டின் பழைய 'டி' மாடல் காரில் சூடான நீர் தானே மேலெழும் இயல்பு போதுமானதாக இருந்தது. இன்றைய எஞ்சினுக்கு அது போதாது. பம்பு நின்றால் சில நிமிடங்களில் சிலிண்டர் தலை கோணிவிடும்.

ஆல்டர்னேட்டரை நீக்கினால் பாட்டரி மட்டுமே துணை. தீப்பொறி, பெட்ரோல் பம்பு முதலியவற்றுக்கு 15 ஆம்பியர் வேண்டும். இரு முகப்பு விளக்குகளுக்கு 9 ஆம்பியர். 35 ஆம்பியர்-மணிப் பாட்டரி, கணக்குப்படி, ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. மின்னழுத்தம் விழுவதால் நடைமுறையில் இன்னும் குறைவு. இருபது நிமிடப் பந்தயத்துக்கு இது போதும். இரவில், லாரிகள் நெரியும் கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையில் விளக்கு மங்கி எஞ்சின் நின்றால், விலை உயிராகவும் இருக்கலாம்.

ஏ.சி. கம்ப்ரசரை நீக்கினால் உயிருக்கு ஆபத்தில்லை, லாபமும் அதிகமில்லை. ஏ.சி.யை அணைத்ததும் பல கார்களில் காந்தக் கிளட்ச் விடுபட்டு, கப்பி மட்டும் வெறுமனே சுழலும். மேலும், அதிலுள்ள வாயுவைக் காற்றில் திறந்துவிடுவது குற்றம் போன்றது. பல கார்களில் உள்ள 134ஏ என்னும் வாயு, எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்குவது. ஒரே பெல்ட் எல்லாவற்றையும் சுற்றும் கார்களில், ஒன்றை நீக்கினால் பெல்ட் மற்றக் கப்பிகளைத் தழுவும் கோணம் மாறும். கோணம் குறைந்தால் பிடிப்புக் குறைந்து பெல்ட் வழுக்கும்.

பொறியாளர் கண்ட வழி

கழற்றி எறிவதற்குப் பதில், வேண்டும்போது மட்டும் இயங்கச் செய்வதே பொறியாளர் கண்ட வழி. இன்றைய கார்களில் ரேடியேட்டர் விசிறி மின்மோட்டாரால், நீர் சூடானால் மட்டும் சுழல்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும் எண்ணெய்ப் பம்பின் இடத்தையும் பெரும்பாலும் மின்மோட்டாரே பிடித்துவிட்டது.

ஓட்டும்போது பாட்டரிச் சிவப்பு விளக்கு எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். பெல்ட்டில் வெடிப்பு உண்டா என்று அவ்வப்போது பாருங்கள். சாலைக் காருக்கு அதைக் கழற்றுவதைவிடக் காப்பதே லாபம்.