ஐந்தெழுத்துச் சொல்லும் ஆறு முயற்சியும்

வகுப்பிலே ஒரு வினாவைத் தொடுத்துவிட்டு விடைக்காகக் காத்து நிற்பது ஆசிரியத் தொழிலிலே நாள்தோறும் நிகழ்வது. முன்வரிசையில் இரண்டு கைகள் உயரும், ஏனையோர் தலைகுனிந்திருப்பர். அவர்களுள் விடையறியாதார் சிலரே. பிழை விட்டுவிடுவோமோ என்றஞ்சி வாய் திறவாதாரே பலர். இவ்வச்சத்தைப் போக்கும் வழி யாது என்று பலகாலும் எண்ணியிருக்கின்றோம். அண்மையில் ஒரு விளையாட்டு அதற்கு ஒரு வழி காட்டிற்று. அதனை ஆடும் முறையை வாசகர்க்கும் மாணவர்க்கும் ஈண்டு எடுத்துரைப்போம்.

விளையாட்டின் பெயர் வேர்டில். கணினியிலோ கைத்தொலைபேசியிலோ இணையத்தின் வாயிலாக ஆடுவது. நாளொன்றுக்கு ஒரு சொல்லே உண்டு. ஆடுவோர் அனைவர்க்கும் அதுவே. ஐந்து ஆங்கில எழுத்துக்களாலான அம்மறைசொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடித்தல் வேண்டும். முன்கூட்டி யாதொரு குறிப்பும் தரப்படுவதில்லை. நாமே ஓர் ஐந்தெழுத்துச் சொல்லை இட்டு உசாவ வேண்டும். எழுத்துக்களை மனம் போனவாறு அடுக்கினால் ஏற்கப்படாது. அது பொருளுடைய சொல்லாதல் வேண்டும்.

சொல்லை இட்டதும் ஐந்து கட்டங்களும் நிறம் மாறும். பச்சையாயின் எழுத்தும் சரி, இடமும் சரி. மஞ்சளாயின் எழுத்து உண்டு, அதன் இடம் வேறு. சாம்பல் நிறமாயின் அவ்வெழுத்து மறைசொல்லில் இல்லை. நாம் இட்ட சொல்லிலே ஓரெழுத்து இருமுறை வந்து, ஒன்று நிறம் பெற்று மற்றையது சாம்பலானால், மறைசொல்லில் அவ்வெழுத்து ஒருமுறைதான் உண்டு என்பது கருத்து. விதிகள் இவ்வளவே.

இதனை ஆக்கியவர் ஜோஷ் வார்டில். வேல்ஸ் நாட்டிலே பிறந்து, நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில் வாழ்ந்த மென்பொருட் பொறியியலாளர். சொல் விளையாட்டில் விருப்புடைய தம் வாழ்க்கைத் துணை பாலக் ஷாவுக்காகவே இதனை அமைத்தார். ஆங்கிலத்தின் ஐந்தெழுத்துச் சொற்கள் ஏறக்குறைய 12,000. அவற்றுள் யாவரும் அறிந்தவை எவை என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்து, ஏறக்குறைய 2,500 ஆகச் சுருக்கித் தந்தவர் பாலக் ஷாவே. 2021 நவம்பர் முதலாந் திகதி இதனை ஆடியோர் 90 பேர். 2022 ஜனவரி 2ஆந் திகதி அத்தொகை 300,000ஐக் கடந்துவிட்டது. அம்மாத இறுதியில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை நிறுவனம் இதனை விலைக்கு வாங்கிக்கொண்டது.

அடிப்படைக் கருத்து முற்றும் புதியதன்று. ஒருவர் மறைத்த ஐந்தெழுத்துச் சொல்லை மற்றவர் உசாவி அறியும் ஜொற்றோ என்னும் விளையாட்டு 1955ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் தோன்றியது. பழைய கருத்துக்கு நிறங்களைச் சேர்த்து, நாளுக்கு ஒன்று என்ற வரையறையும் இட்டதே வார்டிலின் திறமை.

விளையாட்டை விளக்கும்பொருட்டு ஒரு நாள் ஒன்பதாந் தர மாணவர்க்குக் கரும்பலகையிலே ஆடிக் காட்டினோம். பச்சை, மஞ்சள் வெண்கட்டிகளை எடுத்துக்கொண்டோம். சாம்பலுக்கு வெள்ளையே போதும். ஒரு சொல்லை மனத்துள் வைத்துக்கொண்டு, எப்பொழுதும் தலைகுனிந்திருக்கும் மாணவன் ஒருவனை எழுப்பினோம். தயங்கித் தயங்கி, நாரையைக் குறிக்கும் ‘கிறேன்’ என்ற சொல்லைக் கூறினான். சி, ஆர், ஏ, என், ஈ என்ற ஐந்தையும் வெள்ளையால் வட்டமிட்டோம். வகுப்புச் சிரித்தது.

“ஐந்தும் வீணாகிவிட்டன, சேர்” என்று சொல்லி இருக்கப் போனான்.

“வீணாகவில்லை. அவை சொன்ன செய்தியை எண்ணிப் பார்” என்றோம்.

ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் எழுத்து ஈ. ஏ என்பதும் அதற்கு அதிகம் பிந்தியதன்று. ஐந்தெழுத்துச் சொற்களுட் பெரும்பாலானவை இவ்விரண்டினுள் ஒன்றையேனும் உடையவை. அவையெல்லாம் ஒரே முயற்சியில் விலக்கப்பட்டுவிட்டன. எஞ்சிய உயிரெழுத்துக்கள் ஐ, ஓ, யூ என்னும் மூன்றே. இதனை உணர்ந்ததும் அவன் முகம் மாறியது. ஈரத்தைக் குறிக்கும் ‘மொயிஸ்ற்’ என்ற சொல்லை இட்டான். எம், ஓ இரண்டும் வெள்ளை. ஐ, எஸ் இரண்டும் மஞ்சள். ஐந்தாம் இடத்து ரி பச்சை. அடுத்துப் பிளத்தலைக் குறிக்கும் ‘ஸ்பிளிற்’. இப்பொழுது முதலெழுத்தாகிய எஸ் பச்சையாயிற்று. இறுதி ரி பச்சையாகவே நின்றது. நான்காம் இடத்து ஐ மஞ்சள். மூன்றாம் இடத்திலும் நான்காம் இடத்திலும் ஐ இல்லையாயின் இரண்டாம் இடத்திலேதான் இருத்தல் வேண்டும். நான்காம் முயற்சியில் ‘சைற்’ என்றான். நாம் மறைத்த சொல் அதுவே. பார்வை என்பது அதன் பொருள்.

நல்லாட்டத்தின் மறை இந்நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது. முதற்சொல்லினால் விடையைப் பிடித்துவிட முயல்தல் வேண்டாம். செய்தி சேர்த்தலே அதன் வேலை. ஆதலின் அதிகம் வழங்கும் ஐந்து வேறுவேறு எழுத்துக்களைக் கொண்ட சொல்லைத் தெரிந்தெடுக்க. ஐந்து கட்டங்களுக்கு மூன்று நிறங்களாயின் 243 நிறக்கோலங்கள் கணக்கில் வரும். நான்கு பச்சையும் ஒரு மஞ்சளுமாக அமையும் ஐந்து கோலங்கள் நிகழமாட்டா; ஏனெனில் நான்கு எழுத்துக்கள் தம் இடத்தில் நின்றால் ஐந்தாவதற்கு வேறிடமில்லை. எஞ்சியவை 238. சொற்றொகுதியை இக்கோலங்களிடையே இயன்றவரை பரவலாகப் பிரிக்கும் சொல்லே சிறந்த சொல். ஒரு செய்தி எத்துணை ஐயத்தைக் களைகின்றதோ அத்துணை பெறுமதியுடையது என்று கணித வாயிலாக 1948இல் நிறுவினார் குளோட் ஷனன் என்னும் அமெரிக்க அறிஞர். அவர் கொள்கை இச்சிறு விளையாட்டில் கண்கூடாகின்றது.

ஒரு கண்ணி பற்றியும் எச்சரித்தல் நன்று. நாம் மறைத்த சொல்லின் இறுதி நான்கெழுத்துக்களாகிய ஐ, ஜி, எச், ரி என்பவை பச்சையாகிவிட்டன என்று கொள்க. முதலெழுத்தாக எல், எம், என், ஆர், எஸ், எவ், ரி, ஈ ஆகிய எட்டும் பொருந்தும். ஒன்றன்பின் ஒன்றாக இட்டால் ஆறு முயற்சியும் கழிந்துவிடும். இந்நிலையிலே பண்ணைகளைக் குறிக்கும் ‘ஃபாம்ஸ்’ என்ற சொல்லை இட்டால் எவ், ஆர், எம், எஸ் என்னும் நான்கும் ஒரே முறையிற் சோதிக்கப்படும். அச்சொல் விடையாகாது என்று அறிந்தே இடுகின்றோம். எனினும் அது விடைக்கு வழி செய்கின்றது. கடின முறையைத் தெரிந்து ஆடுவோர்க்கு மாத்திரம் இவ்வுபாயம் விலக்கு.

எம் நாட்டு மாணவர் பிரித்தானிய முறையில் எழுத்துக்கூட்டப் பழகியவர். விளையாட்டோ அமெரிக்க வழக்கைத் தழுவியது. 2022 ஜனவரி 12ஆந் திகதி ‘ஃபேவர்’ என்ற சொல் யூ இன்றி ஐந்தெழுத்தாக வந்தபோது பிரித்தானியர் பலர் முறையிட்டனர். இதனை நினைவிற் கொள்க.

இணைய வசதியில்லாத வீட்டில் தாளும் நிறப் பென்சிலும் போதும். தமிழிலும் ஆடலாம், ஆயின் எமது எழுத்துக்கள் 247 ஆதலின் பொருந்துதல் அரிது. ‘கா’ இருக்குமிடத்திலே ‘கி’ என்று இட்டவரை முற்றும் தவறினார் எனல் முறையன்று. மெய் சரி, உயிர் வேறு என்பதைக் காட்ட நீலத்தையும் சேர்த்துக்கொண்டு, மூன்று அல்லது நான்கு எழுத்துச் சொற்களால் ஆடுதல் தகும். இரவுணவின் பின் குடும்பத்தார் ஒருங்கிருந்து ஆடத் தகுந்தது இது.

நாளொன்றுக்கு ஒரு சொல்லுடன் விளையாட்டு முடிந்துவிடுவதும் நன்மையே. சில நிமிடங்களில் ஆடிவிட்டுப் பிள்ளைகள் பாடத்துக்குத் திரும்பலாம். விடையைப் பிறர்க்கு வெளியிடாமல் நிறக்கட்டங்களை மட்டும் காட்டி மகிழ்வது இவ்விளையாட்டின் பண்பாடு.

அடுத்த கிழமை அம்மாணவன் வகுப்பிலே தானாகக் கையுயர்த்தினான். கூறிய விடை பிழை. வழக்கம்போல “இல்லை, அடுத்தவர்” என்று சொல்ல வாயெடுத்த நாம் நிறுத்திக்கொண்டோம். எத்தனையோ ஆண்டுகளாகச் சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டுச் சென்ற விடைகள் நினைவுக்கு வந்தன. அவற்றுள் எத்தனை மஞ்சளாக இருந்தனவோ? வகுப்பை நோக்கி, “இவர் கூறியதில் எப்பகுதி சரி, எது இடம் மாறியுள்ளது?” என்று வினவினோம். அன்று பின்வரிசையிலும் கைகள் உயர்ந்தன.