ஒரு பேரீச்சை மட்டும் வாடினால்

அஜ்மான் வீட்டு முற்றங்களில், ஒரே நீரும் உரமும் பெறும் பேரீச்சைகளுள் ஒன்று மட்டும் வாடுவதுண்டு. நீரின் உப்புத்தன்மையே காரணமெனில் அண்டை மரங்களிலும் அறிகுறி தென்படும்; எனவே வாடிய மரத்தையே முதலில் ஆராய்தல் வேண்டும்.

தமிழகத்தில் தென்னையைத் தாக்கும் சிவப்புக் கூன்வண்டு, 1985 முதல் அமீரகத்தில் பேரீச்சையையும் தாக்கி வருகிறது. இதன் புழுக்கள் தண்டின் உட்பகுதியைத் தின்பதால், மட்டைகள் வாடுமுன்பே பாதிப்பு பெருகிவிடுகிறது. அடித்தண்டிலும், பக்கக்கன்றுகள் ஒட்டியுள்ள இடங்களிலும் துளை, புளித்த வாடையுள்ள பழுப்புநிறக் கசிவு, மென்று தள்ளப்பட்ட நார் ஆகியவை உள்ளனவா எனப் பார்க்கவும்.

வெட்டுக்காயத்தின் மணம் வண்டுகளை ஈர்க்கும். ஆதலால் பசுமட்டைகளை வெட்டாதீர்கள். அம்மரத்தின் கன்றுகளைப் பிறருக்கு வழங்காதீர்கள். தாமதமின்றி நகராட்சிக்குத் தெரிவியுங்கள். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் மரத்தைக் காக்க இயலும். தாமதித்தால் அண்டை மரங்களுக்கும் வண்டு பரவும்.