ஊதா நிறத்தில் ஒரு வீட்டு க்ரீம்... ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் வேஸ்ட்!

போன கோடையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு ஜாம் பாட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வைத்தபோது உள்ளே இருந்தது பச்சை இலையும் தேங்காய் எண்ணெயும்தான். சில நாள் கழித்துப் பார்த்தால் எண்ணெய் அடர் ஊதா! 'நாவல்பழ ஜூஸா?' என்று தம்பி மூடியைத் திறக்கவே போய்விட்டான்.

அது வெட்பாலைத் தைலம். சித்த மருத்துவத்தில் சொரியாசிஸுக்குப் பரவலாகச் சொல்லப்படுவது. இந்த இலையிலிருந்து அந்தக் காலத்தில் நீலச் சாயம்கூட எடுத்திருக்கிறார்கள். ஊதாவின் ரகசியம் அதுதான்.

பாட்டியின் முழங்கை செதில் செதிலாக உரிந்ததால்தான் கொல்லையில் இருக்கும் வெட்பாலை ஞாபகம் வந்தது. இலைகளைக் கழுவி அப்படியே எண்ணெயில் போட்டேன். பாட்டிலையும் இறுக மூடி வெயிலில் வைத்தேன். மூடிக்கு அடியில் வியர்த்து, நீர் எண்ணெயிலேயே சொட்டியது. பத்தே நாளில் சிக்கு வாடை!

இரண்டாவது முறை பாட்டியே களத்தில் இறங்கினார். "ஈரம் இருந்தா எண்ணெய் நிக்காதுடி" என்று இலையைத் துணியால் துடைத்து, நிழலில் ஈரம் போக உலர்த்தி, கையால் கிள்ளிப் போட்டார். இலை மூழ்கும் அளவுக்கு எண்ணெய். பாட்டில் வாயில் மூடிக்குப் பதில் வெள்ளைத் துணி. ஒரு வாரம் வெயில், ராத்திரி வீட்டுக்குள். பிறகு வடிகட்டினோம்.

இதை க்ரீமாக்க 100 கிராம் எண்ணெய்க்கு 20 முதல் 25 கிராம் தேன்மெழுகு போதும். கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து இரண்டையும் உருக்கி, டப்பாவில் ஊற்றி ஆறவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் நம்ம ஊர் வெயிலுக்கு மெழுகைக் குறைக்காதீர்கள்.

வீடியோக்களைப் பார்த்து ஒரு டப்பாவில் கற்றாழை ஜெல்லும் கலந்தேன். தொட்டால் கடையில் வாங்கிய க்ரீம் மாதிரியே இருந்தது. அடுத்த வாரமே கறுப்புப் புள்ளிகள்! கடை க்ரீமில் கிருமி வளராமல் தடுக்கப் பொருள் சேர்க்கிறார்கள், நம்மிடம் அது இல்லை. ஜெல், பன்னீர் எதுவானாலும் தடவும்போது உள்ளங்கையில் கலந்துகொள்ளுங்கள். டப்பாவுக்குள் ஈரக்கையும் வேண்டாம்.

முதலில் முன்கையில் துளி தடவி ஒரு நாள் பாருங்கள். அரித்தால் விட்டுவிடுங்கள். வெடித்த புண்ணில் தடவாதீர்கள். கிள்ளினால் பால் வடிகிறது என்பதற்காக மட்டும் ஒரு இலையைப் பறித்துவிடாதீர்கள், மஞ்சள் அரளியிலும் பால் வடியும். அது விஷம்! மரம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே கை வையுங்கள்.

பாட்டியைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப்போனபோது டப்பாவையும் காட்டினோம். சொரியாசிஸ்தான் என்றார். அவர் எழுதிய களிம்பை நிறுத்தக் கூடாது, இதை வறட்சிக்கு வேண்டுமானால் தடவலாம் என்றார். பாட்டி இப்போது காலையில் களிம்பும் ராத்திரியில் ஊதா க்ரீமும் தடவுகிறார். தலையணை உறையில் மட்டும் அங்கங்கே ஊதாக் கறை. அம்மாதான் புலம்புகிறார்!