தாயக்கட்டத்தைச் சுற்றி எழும் மனத்தாங்கல்கள்

அமிர்தியிலும் அதனைச் சூழ்ந்த ஜவ்வாது மலையடிவார ஊர்களிலும் இருந்து எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் முதியோரிடம், மாலைப் பொழுதை எவருடன் கழிக்கிறீர்கள் என்று வினவுவது எங்கள் வழக்கம். "முன்பு தாயம் ஆடப் போவேன், இப்போது போவதில்லை" என்று ஒருவர் கூறினால், மருந்துச் சீட்டு எழுதுவதைச் சற்று நிறுத்திவிட்டுக் காரணம் கேட்கிறோம். சில வேளைகளில் அது முழங்கால் வலியாக இருக்கும்; சில வேளைகளில், ஆட்டத்தின் நடுவே எவரோ சொன்ன ஒரு சொல்லாக இருக்கும்.

சீனர்கள் நால்வராகக் கூடி மாஜோங் ஆடுவதைப் போல, நம் திண்ணைகளில் தாயம் நாள்தோறும் அதே முகங்களைக் கூட்டிவைக்கிறது. அக்கூட்டத்தை இழப்பது சிறிய இழப்பு அன்று. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மறதிநோய்க்கு வழிகோலும், மாற்றத்தக்க காரணிகள் 14ஐ எடுத்துரைத்தது. சமூகத் தனிமையும், செவித்திறன் குறைவும், கவனிக்கப்படாத பார்வைக் குறைவும் அவற்றுள் அடங்கும்.

பூசல்களிற் பல, விதி ஊருக்கு ஊர் வேறுபடுவதால் எழுகின்றன. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம் உண்டு என்பதில் பெரும்பாலும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் எதிராளியின் காயை ஒருமுறையேனும் வெட்டாமல் உள்கட்டத்திற்குள் நுழைந்து பழம் எடுக்கலாமா என்பதில் சம்பந்திகளும் மோதிக்கொள்வர். கட்டையை உருட்டும் முன்பே இதைப் பேசி முடித்துவிடுதல் நலம். பந்தயப் பணம் வைத்து ஆடும் இடத்தில் பண்பாடு குறித்து எவ்வளவு கூறினும் பயனில்லை என்பது எங்கள் எண்ணம்.

ஒருவர் மீண்டும் மீண்டும் கட்டங்களைத் தவறாக எண்ணினால், அவரைக் கள்ளாட்டம் ஆடுபவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கண்புரை இருக்கலாம். காயைத் தொடும்போது பிற காய்கள் சரிந்தால் அது நடுக்கவாதமாக இருக்கலாம். உரக்கக் கத்துபவருக்குச் செவி மந்தமாகியிருக்கலாம். அவரை வெளிச்சத்தில், பிறர் முகம் தெரியுமாறு அமர்த்துங்கள். நெடுநாள் நேர்மையாக ஆடியவர் அண்மைக் காலமாகத் தம் முறையையே மறப்பதும், காரணமின்றிச் சினப்பதும் மறதிநோயின் தொடக்கமாகவும் இருக்கக்கூடும்.

இதைச் சொல்லும் முறை முக்கியமானது. "பெரியப்பா, இன்னொரு தரம் எண்ணிப் பார்ப்போமா?" என்று கேட்டால் அவர் மதிப்பும் காக்கப்படும், ஆட்டமும் தொடரும். அதே பிழை பல நாள் நீடித்தால், வயதில் மூத்த ஒருவர் வீடு திரும்பும் வழியில் அவரிடம் தனித்துப் பேசலாம். பேரப்பிள்ளைகளின் முன்னிலையில் பேசவே கூடாது. இனி வரவேண்டாம் என்று ஒதுக்குவதைவிட, இருவர் சேர்ந்து ஓர் அணியாக ஆடுமாறு மாற்றிக்கொள்வது எங்களுக்கு நல்ல ஏற்பாடாகத் தோன்றுகிறது. எண்ணும் பொறுப்பைக் கூட்டாளி ஏற்பார்.

உடனே செயற்பட வேண்டிய நிலை ஒன்றும் உண்டு. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் உணவு நேரம் கடந்தும் ஆடிக்கொண்டிருந்து, திடீரென வியர்த்து, கை நடுங்கி, எரிந்து விழுந்தால் அது குணக்கேடு அன்று; இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருக்கலாம். விழுங்கும் நினைவோடு இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுத்து, மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

பிற மாற்றங்களுக்கு அவசரம் இல்லை. அடுத்த முறை வரும்போது அவருடைய மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, உட்கொள்ளும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் எடுத்து வாருங்கள். கூடவே, அவருடன் தாயம் ஆடும் நண்பர் ஒருவரையும் அழைத்து வர இயலுமாயின், வீட்டார் கவனியாத மாற்றங்களை அவரிடம் கேட்டறிவோம்.