நடைக்கும் ஒரு துணை

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ஊர் தாமல். அங்கே ஒரு பட்டு நெசவாளர் தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கைகள் நாடாவை வீசுகின்றன. பாதங்கள் மிதிகட்டையை மிதிக்கின்றன. எனினும் நாள் முழுதும் அவர் ஒரே இடத்தில்தான் அமர்ந்திருக்கிறார். அவருக்கு நீரிழிவு என்று வைத்துக்கொள்வோம். "தினமும் நடங்கள்" என்கிறார் டாக்டர். நான்கு நாள் நடக்கிறார். ஐந்தாம் நாள் மழை. ஆறாம் நாள் அவசர வேலை. அத்துடன் நடை நின்றுவிடுகிறது.

ஏன் விடாமல் நடக்க வேண்டும்? தசைச் செல்களின் கதவுகளைத் திறந்து, இரத்தத்திலுள்ள குளூக்கோசை உள்ளே விடுவது இன்சுலின் என்னும் ஹார்மோன். பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவில், இன்சுலினின் கட்டளைக்குச் செல்கள் சரிவரப் பணிவதில்லை. ஆனால் தசைகள் இயங்கும்போது, இன்சுலினின் உதவி இல்லாமலே கதவுகள் திறக்கின்றன! இந்தப் பயன் ஓரிரு நாள்களே நீடிக்கும். வாரக்கணக்கில் சேமித்து வைக்க முடியாது. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்களாவது வேகமான நடை போன்ற மிதமான உடலியக்கம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

அறிவுரை மட்டும் போதாது, துணையும் வேண்டும். சென்னையிலுள்ள ஆசியாட் காலனியில் 1990-களின் பிற்பகுதியில் டாக்டர் வி. மோகன் குழுவினர் ஆய்வு நடத்தினர். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் அப்போது 14.2 விழுக்காட்டினரே. நீரிழிவு பற்றி எடுத்துச் சொன்னதும், குடியிருப்போரே பணம் திரட்டி ஒரு பூங்கா அமைத்தனர். சில ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது அந்த அளவு 58.7 விழுக்காடாக உயர்ந்திருந்தது!

பூங்கா இல்லாத ஊரில் என்ன செய்வது? கைப்பேசி உதவும். நீரிழிவு வரும் நிலையிலிருந்த 537 ஆண்களிடம் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகளைப் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கு இரண்டு ஆண்டுகளில் நீரிழிவு வந்தது. பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கு வந்தது. அச்செய்திகளை அனுப்பியவர்கள் ஆய்வாளர்கள். நீரிழிவுள்ள ஐந்தாறு பேர் கைப்பேசியில் ஒரு குழுவாகச் சேர்ந்தால், அறிவுரையோடு தோழமையும் கிடைக்கும். "அண்ணே, இன்று நடந்தீர்களா?" என்று ஒருவர் கேட்டால், நடக்காதவர் செருப்பைத் தேடுவார்!

ஆனால் ஓர் எச்சரிக்கை. குழுவில் நடையைப் பற்றிப் பேசலாம். மருந்தின் அளவை டாக்டரே முடிவு செய்ய வேண்டும். இன்சுலினோ, சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நடக்கும்போது இரத்தச் சர்க்கரை மிகவும் குறையக்கூடும். நடுக்கமும் வியர்வையும் அதன் அறிகுறிகள். ஆகவே சட்டைப்பையில் சிறிது சர்க்கரை இருக்கட்டும். பாதத்தில் புண் உண்டா என்றும் நாள்தோறும் பாருங்கள்.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையின் கரைக்கு நாடா தள்ள, தறியில் மற்றொருவர் துணைக்கு அமர்வது வழக்கம். நடைக்கும் அப்படி ஒரு துணை தேவை. உங்கள் வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருக்கிறாரா? நாளைக் காலை நீங்களே அவரை அழைத்துக்கொண்டு புறப்படுங்கள்.